50,000 ரூபாயில் வீட்டு ஸ்டூடியோ: ஹெட்ஃபோனா, மானிட்டரா, க்ரூவ்பாக்ஸா?

“அண்ணே, லேப்டாப் இருக்கு. கையில 50,000 ரூபா சேத்து வச்சிருக்கேன். ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கவா, நல்ல ஹெட்ஃபோன் மட்டும் போதுமா?” மதுரையில் எலக்ட்ரானிக் இசை செய்யத் தொடங்குகிற தம்பி தங்கைகள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். சிலர் இன்னொன்றும் சேர்த்துக் கேட்பார்கள்: “கம்ப்யூட்டரே வேணாம், தாளமும் மெட்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கிற, கையால தட்டி வாசிக்கிற க்ரூவ்பாக்ஸ் வாங்கிரவா?”

யூடியூபில் இதற்குப் பதில் கொட்டிக் கிடக்கிறது. அவற்றில் பாதிக்கு மேல் மரத்தரையும் ஜிப்சம் பலகைச் சுவரும் உள்ள வெளிநாட்டு வீடுகளில் இருந்துகொண்டு சொன்னவை. நம் வீடுகள் செங்கல் சுவர், காங்கிரீட் தளம், டைல்ஸ் தரை. அறை பத்துக்குப் பத்து. ஜன்னலைத் திறந்தால் ஷேர் ஆட்டோ சத்தம், ஆடி பிறந்தால் தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர். இந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்களில் பெரும்பாலானோருக்கு முதல் பணம் ஹெட்ஃபோனுக்குத்தான் போக வேண்டும். மானிட்டர் ஸ்பீக்கர் வாங்குகிறவர் அறைக்கும் சேர்த்துச் செலவு செய்யத் தயாராக இருக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வழியில்லாத இடத்தில் மானிட்டருக்குப் போட்ட பணம் தண்டம்.

கீழே வரும் விலைகள் எல்லாம் தோராயமானவை. வாங்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் விலை இந்த 50,000-க்குள் வராது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி அறை. அளவு என்ன, யாருக்குச் சொந்தம், சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரா, அடுத்த வருடமும் அதே வீட்டில் இருப்பீர்களா. எலக்ட்ரானிக் இசையின் உயிர் பேஸிலும் (கனத்த கீழ் ஒலி) கிக்கிலும் (டிரம்மின் ‘தும்’ அடி) இருக்கிறது. அறையின் அளவு அதிகம் கெடுப்பதும் அந்த இரண்டையும்தான்.

அடுத்தது நேரம். பகலில் வேலை, காலேஜ் என்று போய்விட்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்காருகிறவர்களே அதிகம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விதியை விடுங்கள், பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளை படுத்திருக்கும். கதவைச் சாத்தினால் ஹைஹேட் (டிரம்மின் சின்னத் தாளத்தட்டு) அடங்கிவிடும், கிக் அடங்காது.

மூன்றாவது, உங்கள் இசை எங்கே ஒலிக்கப்போகிறது என்பது. ரீல்ஸுக்கு என்றால் கேட்கிறவர் கையில் செல்போன். கல்யாண வீட்டு டிஜே என்றால் ஆளுயர பேஸ் பெட்டி. கோயில் கொடைக்கு என்றால் பேஸே வராத குழாய் ஸ்பீக்கர், அதுவும் இடம் வலம் பிரியாத மோனோவில்.

நான்காவது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது. பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. இவற்றோடு, விருப்பம் மாறினால் விற்று எவ்வளவு தேற்றலாம் என்பதையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: ஹெட்ஃபோன்

ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ் போன்ற, காதை முழுக்க மூடும் ஸ்டூடியோ ஹெட்ஃபோன் 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. கடையில் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று எழுதி விற்பவை வேறு ஜாதி. அவை எல்லாப் பாட்டையும் கொழுக்க வைத்துக் காட்டும். அதை நம்பி நீங்கள் பேஸைக் குறைத்து வைப்பீர்கள், வெளியே கேட்டால் பாட்டு சவசவ என்று இருக்கும். ஸ்டூடியோ ஹெட்ஃபோன் முதல் நாள் சப்பென்று தோன்றும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுகளை அதிலேயே கேட்டுப் பழகுங்கள். ஒரு வாரத்தில் காது அதற்கு இணங்கிவிடும்.

இந்த வழியின் பெரிய பலம், அறை கணக்கிலேயே வராது என்பது. 40 ஹெர்ட்ஸ் சப்-பேஸை (மிகக் கீழான பேஸை) கூட ஒரு நல்ல ஹெட்ஃபோன் நேராகக் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இரவு 12 மணியானாலும் யாருக்கும் தொல்லை இல்லை. கத்திரி வெயிலில் ஃபேனைப் போட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். மானிட்டரில் கேட்கும்போது ஃபேன் இரைச்சல் ரிவர்பின் (ஒலிக்குச் சேர்க்கும் எதிரொலியின்) கடைசி வாலை விழுங்கிவிடும். மூடிய ஹெட்ஃபோனில் அந்தத் தொந்தரவு வெகுவாகக் குறைகிறது.

ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வேண்டுமா என்று உடனே கேட்பீர்கள். மைக் வைத்துப் பதிவு செய்யும் எண்ணம் இப்போதைக்கு இல்லை என்றால், வேண்டாம். எம்40எக்ஸின் மின்தடை 35 ஓம், லேப்டாப் ஜாக்கே அதற்குப் போதிய சத்தம் கொடுக்கும். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) ஒன்றைப் போட்டு, ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 256 சாம்பிளில் வைத்தால், 44,100 ஹெர்ட்ஸில் அந்த பஃபரின் தாமதம் 6 மில்லி செகண்டுக்குள் நிற்கும், கீயைத் தட்டியதும் ஒலி வந்துவிடும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ வாங்குவதானால் ஓம் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அது 32, 80, 250 என மூன்று வகையில் வருகிறது. 250 ஓம் வகையை லேப்டாப்பில் நேராகச் செருகினால் சத்தம் பத்தாது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் பக்கமே போகாதீர்கள். நீங்கள் கீயை அழுத்தி, ஒலி காதுக்கு வருவதற்குள் தாளம் ஒரு எட்டு தள்ளிப் போயிருக்கும்.

குறைகளும் உண்டு. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலக் காதுக்கும் கொஞ்சம் வந்து சேரும், ஹெட்ஃபோனில் சேராது. அதனால் இசை தலைக்குள்ளேயே நடப்பது போல இருக்கும். இடம், வலம் எவ்வளவு ஒதுக்குவது, ரிவர்ப் எவ்வளவு போடுவது என்ற இரண்டிலும் கணிப்பு தவறும். இதற்கு மருந்து, வேறு இடங்களில் கேட்டுப் பார்ப்பது. மிக்ஸை (ஒலிகளின் அளவைச் சரிசெய்து கலந்த பாட்டை) மோனோவில் ஒருமுறை, செல்போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். பிறகு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய்த் தெரிந்த அண்ணன் யாருடைய ஷேர் ஆட்டோவிலாவது வண்டி ஓடும்போது கேளுங்கள். ஓடும் வண்டியில் குரலும் மெலடியும் காணாமல் போனால், அவற்றின் அளவு குறைவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வெளியே தெரியாத செலவுகளில் ஒன்று குஷன். நம் வியர்வைக்கு ரெக்சின் குஷன் சீக்கிரம் உரிந்து கன்னத்தில் கறுப்புத் தூளாக ஒட்டும், துணி குஷன் மாற்றிக்கொள்வது நல்லது. இன்னொன்று காது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசினால் காதில் விழும் அளவுக்கு மேல் வைக்காதீர்கள். காதுக்குள் ‘கொய்ங்’ என்று கேட்க ஆரம்பித்தால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள். கெட்டுப்போன காதுக்கு மாற்று எங்கும் விற்பதில்லை.

## வழி 2: மானிட்டர் ஸ்பீக்கர்

நல்ல அறையில் நல்ல மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பதற்கு ஈடே கிடையாது. கிக் நெஞ்சில் விழும், ஒலிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக அடுக்கி நிற்பது கண்ணுக்குத் தெரிவது போல இருக்கும். அந்த ஆசை நியாயமானது. சிக்கல் அறையில் இருக்கிறது.

ஒலி நேர் எதிரான இரண்டு சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பும்போது, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண் அந்த அறைக்குள் சிக்கிக்கொள்கிறது. கணக்கு எளிது. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 10 அடி என்பது 3.05 மீட்டர், ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர், விடை 56 ஹெர்ட்ஸ். பேஸ் வரியில் கீழ் ‘ஏ’ ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ், கிக் டிரம்மின் அடி ஒலி இருப்பதும் இதே வட்டாரத்தில்தான். இந்த 56 ஹெர்ட்ஸ், சுவர் ஓரத்தில் நின்று கேட்டால் முழங்கும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் கேட்கவே கேட்காது. அறையின் நீளமும் அகலமும் 10 அடி, கூரை உயரமும் 10 அடி என்றால் மூன்று திசையும் சேர்ந்து அதே 56-ஐப் பிடித்து உலுக்கும். நம் ஊரில் எத்தனை படுக்கையறைகள் அப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். 14 அடி நீள அறையில் இந்த எண் 40-க்கு இறங்கிவிடும். நீள அகலம் வேறுபட்டால் சிக்கல் ஒரே இடத்தில் குவியாமல் பிரிந்துபோகும்.

பணத்தை எடுப்பதற்கு முன்னால் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் ‘ட்ர்ர்ங்’ என்று கம்பி அதிர்வது போல ஒரு வால் வந்தால், சுவர்கள் ஒன்றையொன்று பார்த்து ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. அடுத்து, பேஸ் நன்றாக வருகிற ஸ்பீக்கர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, இசை மென்பொருளில் ஒரு சைன் அலையை (ஒரே அதிர்வெண் கொண்ட சுத்தமான ஒலியை) எடுத்து 40-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். நீங்கள் உட்காரப்போகும் இடத்தில் இருந்தே கேளுங்கள். ஓரிடத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், இன்னொரு இடத்தில் ஒலியே அணைந்துபோகும். நீங்கள் தொட்டது அதிர்வெண் ஒன்றைத்தான், சத்தத்தின் அளவை மாற்றவில்லை. இந்த அறையில் மிக்ஸ் செய்தால் அணைந்துபோன ஸ்வரத்தை நீங்கள் ஏற்றி வைப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் அதே ஸ்வரம் பெட்டியை உடைக்கும்.

ஸ்பீக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகழ்பெற்ற யமஹா எச்எஸ்5 போன்ற 5 இன்ச் மானிட்டர்கள் சப்-பேஸை முழுதாகக் காட்டுவதில்லை. எச்எஸ்5-க்கு யமஹாவே தரும் அளவு, 3 டெசிபல் இறக்கத்தில் 74 ஹெர்ட்ஸ், 10 டெசிபல் இறக்கத்தில் 54 ஹெர்ட்ஸ். அதாவது 74-லேயே ஒலி குறையத் தொடங்கி, 54-இல் வெகுவாக அடங்கிவிடும். 808 (ரோலண்டின் பழைய டிரம் மெஷின்) வகை பேஸின் 45 ஹெர்ட்ஸ் அதில் பாதி ஊகம்தான். 8 இன்ச் வாங்கினால் கேட்குமே என்றால், சின்ன அறையில் அது அறையின் நோயை இன்னும் கிளப்பும்.

அறைக்கு என்ன செய்யலாம்? மேசையை நடு அறையில் போடாதீர்கள். நீள அறையானால் குறுகிய சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரத்தில் தலை வரும்படி தொடங்கி, முன்பின் நகர்த்திப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும், ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில் இருக்க வேண்டும். இதுவரை செலவில்லை. பிறகு பக்கச் சுவர்களில் எதிரொலி முதலில் படும் இடங்களுக்கும் மூலைகளுக்கும் மரச் சட்டத்தில் 4 இன்ச் தடிமனுக்குக் கிளாஸ்வூல் அல்லது ராக்வூல் அடைத்து, துணி போர்த்திய பலகைகள் வைக்க வேண்டும். தச்சர் கூலி, பஞ்சு, துணி எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல ஹெட்ஃபோன் விலையைத் தாண்டும். போடிநாயக்கனூர் பக்கம் இலவம் பஞ்சுக்குப் பேர்போனது. வீட்டில் பழைய இலவம் பஞ்சு மெத்தை கிடந்தால் அதை மூலையில் நிமிர்த்தி வையுங்கள், ஒரு இன்ச் ஃபோம் ஒட்டுவதைவிட நிச்சயம் மேல். ஆனால் மெத்தையோ பலகையோ 56 ஹெர்ட்ஸை ஒழித்துவிடாது. அந்த அலையின் கால் பங்கு நீளமே ஒன்றரை மீட்டர். அங்கே உட்காரும் இடம்தான் பெருமளவு காப்பாற்றும்.

முட்டை அட்டையைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். அது மேல் ஒலியைக் கொஞ்சம் மந்தமாக்கும், பேஸை ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் ஆபத்து. பஞ்சும் ஃபோமும் அறைக்குள் இருக்கும் எதிரொலியைத்தான் குறைக்கும். தெருச் சத்தம் உள்ளே வருவதையும் உங்கள் சத்தம் வெளியே போவதையும் தடுக்கக் கனமான சுவரும், காற்றுப் புகாத கதவு ஜன்னலும் வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாக நினைத்துச் செலவு செய்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு சங்கடப்படுகிறது.

மறைந்திருக்கும் மற்றச் செலவுகள்: ஸ்டாண்ட், இரைச்சலைக் குறைக்கும் பேலன்ஸ்டு கேபிள் இரண்டு, இரண்டு அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ், வோல்டேஜ் ஏறி இறங்கினால் தாங்க ஒரு ஸ்டெபிலைசர். எர்த் சரியில்லாத வீட்டில் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று முனகும். லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது அதன் உலோக உடம்பைப் புறங்கையால் தடவினால் சுருசுரு என்று இழுக்கிறதா? அப்படியானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்த பிறகு மானிட்டரைப் பற்றி யோசியுங்கள். முனகலை நிறுத்த பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்வார்கள், உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இரைச்சல் வரும். சைன் வேவ் இன்வெர்ட்டர் நல்லது.

கூட்டிப் பாருங்கள். நல்ல 5 இன்ச் ஜோடிக்கே 30,000-க்கு மேல் ஆகிவிடும். இன்டர்ஃபேஸ், கேபிள், ஸ்டாண்ட் போக அறைக்கு மிஞ்சுவது சொற்பம். பிரிசோனஸ் ஈரிஸ் இ3.5 போன்ற சின்ன மானிட்டர் ஜோடி இதற்கு ஒரு நடுவழி. பேஸ் குறைவாக வருவதால் அறையை அது அதிகம் கிளப்பாது. நடு ஒலிகளையும் இடவலத்தையும் அதில் பார்த்துக்கொண்டு, பேஸை ஹெட்ஃபோனில் முடிவு செய்யலாம்.

## வழி 3: க்ரூவ்பாக்ஸ்

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பார்த்து இசை செத்துப்போகிறது என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். கையில் திருகும் குமிழ்களும் தட்டும் பேடுகளும் இருந்தால் பிறக்கிற தாளமே வேறு. மும்பையில் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்டின் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 என்ற மூன்று கருவிகளோடு ராகங்களை நடன இசையாக்கினார். இன்றும் உலகம் அதைத் திரும்பக் கேட்கிறது.

இன்று நம் கைக்கு எட்டும் கருவிகளில் நோவேஷன் சர்க்கிட் டிராக்ஸில் இரண்டு சிந்த் (மின்னணுவில் ஒலி உருவாக்கும் சிந்தசைசர்) டிராக், நான்கு டிரம் டிராக், வெளிக்கருவிகளுக்கு இரண்டு மிடி (எந்த ஸ்வரம், எப்போது என்று கருவிகளுக்குச் சொல்லும் மொழி) டிராக் உண்டு. உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி இருப்பதால் கரண்ட் இல்லாத பகலில் மொட்டை மாடி நிழலில் உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம். கார்க் வோல்கா கருவிகள் பென்சில் பேட்டரியில் ஓடும். ஒவ்வொரு வோல்காவும் ஒரு வேலைதான் செய்யும், ஒன்று வாங்கியவர் ஒன்றோடு நிறுத்துவது அபூர்வம். அடாப்டர், சின்ன மிக்சர், பேட்ச் கேபிள் என்று அதன் பின்னாலேயே செலவு வரும்.

பாட்டை முடித்து வெளியிட வேண்டும் என்றால் கடைசியில் கம்ப்யூட்டருக்குத்தான் வர வேண்டும். பழுதானால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பார்சல் அனுப்ப வேண்டியிருக்கும். ஆனால் இந்த மூன்று வழிகளுக்குள், திரும்ப விற்கும்போது விலை நன்றாக நிற்பது பெரும்பாலும் இதுதான். ஆள்கள் முன்னால் நேரடியாக வாசிக்க நினைப்பவருக்கு, நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| எதைப் பொறுத்து | ஹெட்ஃபோன் | மானிட்டர் | க்ரூவ்பாக்ஸ் |
|---|---|---|---|
| 10-க்கு 10 வாடகை அறை | ஒத்துவரும் | அறையைச் சரிசெய்யாமல் ஒத்துவராது | ஒத்துவரும் |
| இரவு 10 மணிக்கு மேல் | தடையில்லை | முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம் | ஹெட்ஃபோன் மாட்டினால் தடையில்லை |
| கரண்ட் போனால் | லேப்டாப் பேட்டரி உள்ளவரை | நின்றுவிடும் | பேட்டரி மாடல் ஓடும் |
| பேஸ் கணிப்பு | நம்பலாம் | அறை எப்படியோ அப்படி | எதில் கேட்கிறீர்களோ அப்படி |
| இடவலம், ரிவர்ப் | ஏமாற்றும் | தெளிவு | எதில் கேட்கிறீர்களோ அப்படி |
| மறைந்த செலவு | குஷன், காதுக்கு ஓய்வு | இன்டர்ஃபேஸ், ஸ்டாண்ட், பலகை, எர்த் | அடாப்டர், மிக்சர், அடுத்த கருவி |

## எந்த வழியிலும் வரும் இரண்டு செலவுகள்

மென்பொருளில் அதிக நாள் தடுமாற வேண்டாம். எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப்பிப்பு இலவசம். சோதனைப் பதிப்பில் சேமித்த பாட்டைத் திரும்பத் திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பார்த்துவிட்டு 60 டாலருக்கு வாங்கலாம். ஏபிள்டன் லைவ் லைட் பல மிடி கீபோர்டுகளோடு இலவசமாக வருகிறது, அதில் 8 டிராக்தான். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் கையிலேயே இருக்கிறது. சிந்த்துக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி இரண்டுமே இலவசம், இரண்டுமே அருமை. கிராக் மென்பொருள் வேண்டாம். நடு வேலையில் அது காலை வாரினால் யாரிடமும் போய் முறையிட முடியாது.

மிடி கீபோர்டில், நம் இசைக்கென்று ஒன்றைக் கவனியுங்கள். கமகம் வாசிக்க, ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வேண்டும். 25 கீ உள்ள சின்னக் கீபோர்டுகள் பலவற்றில் அதற்கான சக்கரம் இருக்காது. அகாய் எம்பிகே மினி எம்கே3-இல் ஒரு சின்ன ஜாய்ஸ்டிக், ஆர்டூரியா மினிலேபில் தொடுபட்டை. நாதஸ்வரம் போல இழுத்து வாசிக்க விரல் தேடுவது சக்கரத்தை. அதற்காக எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49 போல ஒன்றை வாங்குவது நல்லது. வீட்டில் யாராவது கச்சேரிக்கோ சர்ச்சுக்கோ வாசித்த யமஹா பிஎஸ்ஆர் இருக்கிறதா? கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி துளை (‘டு ஹோஸ்ட்’ என்று எழுதியிருக்கும்) இருந்தால் அதுவே மிடி கீபோர்டு. கிட்டத்தட்ட 10,000 ரூபாய் மிச்சம்.

## பறையும் உறுமியும் உங்கள் பாட்டில் வர வேண்டுமென்றால்

மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் செய்யும் எலக்ட்ரானிக் இசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கிக்குக்குப் பக்கத்தில் பறை வந்து விழும் இடம். அதற்காக இணையத்தில் விற்கும் ‘இந்தியன் டிரம்’ தொகுப்பை வாங்காதீர்கள். வாசிக்கிறவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்.

இந்த ஆசை உள்ளவருக்கு மட்டும் முதல் பட்டியலிலேயே இன்டர்ஃபேஸும் மைக்கும் வர வேண்டும். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் போதும். பறையின் சத்தத்தை அது தாங்கும், பக்கத்துத் தெரு இரைச்சலையும், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் அளவுக்கு இழுத்து வராது. டைல்ஸ் போட்ட அறைக்குள் வைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், அறைதான் பதிவாகும். ஊருக்கு வெளியே திறந்த களத்தில் காலை வேளையில் எடுங்கள். ஜூம் எச்1என் போன்ற கையடக்க ரெக்கார்டர் இருந்தால் இன்டர்ஃபேஸும் வேண்டாம், நாலைந்து அடி தள்ளி நின்றால் ஒலி உடையும் வாய்ப்பு குறைவு.

வைக்கோலைக் கொளுத்தி பறையை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, தோல் இறுகி ‘டண்’ என்று மேலேறியதும் வாசிப்பார்கள். சூடு ஆற ஆறச் சுருதி இறங்கும். அதனால் முதலில் தனித்தனி அடிகளைப் பதிவு செய்யுங்கள். அடிக்குச்சி மட்டும், சிண்டுக்குச்சி மட்டும், இரண்டும் சேர்ந்து, மெல்ல, பலமாக. அடுத்த சூட்டில் முழு அடவுகளை எடுங்கள். இரண்டாவது சூட்டில் சுருதி கொஞ்சம் மாறியிருக்கும், எது எந்தச் சூடு என்று ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். வாசித்தவருக்குப் பேசிய சம்பளத்தை அன்றைக்கே கொடுங்கள், பாட்டு வெளிவரும்போது அவர் பெயரையும் போடுங்கள். ஸ்டூடியோ செலவில் இதுவும் ஒரு வரி.

## யாருக்கு எது

வில்லாபுரத்திலோ கோச்சடையிலோ வாடகை வீடு, ராத்திரி வேலை: ஹெட்ஃபோன் 10,000, சக்கரம் உள்ள மிடி கீபோர்டு 10,000, மென்பொருள் 5,000 முதல் 17,000 வரை. மிச்சத்தில் பறை ஆசை இருந்தால் மைக்கும் 6,000 முதல் 12,000 ரூபாய்க்குள் ஒரு இன்டர்ஃபேஸும். இல்லை என்றால் அந்தப் பணத்தை லேப்டாப்பில் ரேமை 16 ஜிபி ஆக்கவும் எஸ்எஸ்டி போடவும் செலவிடுங்கள். வேகம் தெரியும்.

மேலூரிலோ உசிலம்பட்டிப் பக்கமோ சொந்த வீடு, மாடியில் நீள அறை ஒன்று, சுற்றிலும் சுவர் ஒட்டாத இடம்: உங்களுக்கு மானிட்டர் சரி. ஆனால் வரிசை முக்கியம். முதலில் எர்த், பிறகு மூலைகளுக்குப் பஞ்சுப் பலகை, பிறகு ஸ்பீக்கர். 50,000-க்குள் மூன்றும் அடங்காவிட்டால் ஸ்பீக்கரைத் தள்ளிப்போட்டு, ஹெட்ஃபோனில் வேலையைத் தொடங்கிவிடுங்கள். மானிட்டர் வந்த பிறகும் அந்த ஹெட்ஃபோன் வீணாகாது, இரவு வேலைக்கு அதுதான்.

கல்யாண மேடை, காலேஜ் கல்ச்சுரல்ஸ், நண்பர்கள் முன்னால் நேரடி வாசிப்பு: க்ரூவ்பாக்ஸ், கூடவே 5,000 ரூபாயை ஒட்டிய ஒரு ஸ்டூடியோ ஹெட்ஃபோன். வாங்குமுன் இன்னொருவருடைய கருவியில் ஒரு மாலையாவது வாசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒரு பாட்டுக்கூட முடிக்கவில்லை, 50,000-ம் வீட்டில் கேட்டு வாங்கிய பணம் என்றால், 5,000 ரூபாய் ஹெட்ஃபோனும் ரீப்பரின் 60 நாளும் இப்போதைக்குப் போதும். மூன்று பாட்டு முடியுங்கள். எது இல்லாமல் கை கட்டிப்போட்டது போல இருந்ததோ, அதை அப்புறம் வாங்குங்கள்.